காப்புரிமைச் சட்டம் மாறினால் கம்பனிகளின் ஆய்வு எந்தப் பக்கம் திரும்பும்? மலையகத்து வாசகர்களுக்கான கேள்வி பதில்

தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்கள், பொறியியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள், சிறிய அளவில் தேயிலை பொதி செய்து விற்பவர்கள் ஆகியோர் அடிக்கடி கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது விளக்கம் மட்டுமே. வழக்கு, ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். காப்புரிமை (பேட்டன்ட்) என்றால், ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை.

வாஷிங்டனிலோ டோக்கியோவிலோ சட்டம் மாறினால் ஹட்டனில் இருப்பவருக்கு என்ன?

பழைய தொழிற்சாலை ஒன்றில் இலையை உலர்த்தும் டிரையரை உற்றுப் பாருங்கள். இரும்பு உடலில் ‘சிராக்கோ’ என்ற வார்ப்பெழுத்து இன்னும் தெரியக்கூடும். அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 1864இல் இந்தியாவின் அசாம் பக்கத்துக் கச்சாருக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கரியடுப்பில் இலை காயவைக்கும் முறையைப் பார்த்துச் சலித்து, சுடுகாற்றில் உலர்த்தும் இயந்திரங்களை அமைத்தார். அவற்றுக்குக் காப்புரிமை பெற்று 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் ஆலையும் தொடங்கினார். தோட்டத்தில் கற்ற பாடம் பிரிட்டனில் உரிமையாகி, இயந்திரமாகத் தோட்டங்களுக்கே விலைக்குத் திரும்பி வந்தது.

நிறம் பார்த்துத் தேயிலை பிரிக்கும் இயந்திரம், கையில் பிடித்துக் கொழுந்து வெட்டும் கருவி, களைநாசினி, தேநீர்ப் பையின் வலைத்துணி என்று இன்றைக்கு வந்து சேரும் பொருள்களுக்கும் கதை இதுவேதான். இவற்றில் எதற்கு ஆய்வுப் பணம் ஒதுக்குவது என்று கம்பனிகள் முடிவு செய்யும் மேசையில் காப்புரிமைச் சட்டமும் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் கடுமையானால் கம்பனிகள் கூடுதலாக ஆய்வு செய்யும் என்பது உண்மைதானா?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வரலாறு அவ்வளவு எளிதாகத் தலையாட்டுவதில்லை.

ஜப்பான் 1988இல் தன் சட்டத்தை மாற்றி, ஒரே விண்ணப்பத்தில் பல உரிமைக் கோரிக்கைகளை எழுத இடம் கொடுத்தது. உரிமையின் வீச்சு அகன்றது. பின்னர் பொருளியலாளர்கள் கம்பனிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, அதனால் ஆய்வுச் செலவு கூடியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1982இல் காப்புரிமை மேன்முறையீடுகளுக்கென்று தனி நீதிமன்றம் வந்து, உரிமையாளர் கை ஓங்கியது. கணினிச் சில்லு செய்யும் குறைகடத்திக் கம்பனிகள் காப்புரிமைகளை வாங்கிக் குவித்தன. ஆனால் பெரும்பாலும் எதிராளியோடு பேரம் பேசும்போது மேசையில் போடுவதற்காகவே அவற்றைக் குவித்தன.

இதைவிடச் சுவையான கதை ஒல்லாந்தில் இருக்கிறது. அந்த நாடு 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே நீக்கிவிட்டு 1912 வரை அது இல்லாமல் காலம் தள்ளியது. பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட மார்ஜரினை அந்த இடைவெளியில் யூர்கன்ஸ், வான் டென் பெர்க் என்ற இரு ஒல்லாந்துக் குடும்பங்கள் தடையின்றித் தயாரித்துச் செழித்தன. அந்த இரு வணிகங்களும் பிறகு ஒன்றாகி, 1929இல் பிரிட்டனின் லீவர் கம்பனியோடு சேர்ந்து யூனிலீவர் ஆயின. அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் தேயிலைப் பெயரும் பல பத்தாண்டுகள் அந்தக் கம்பனியின் கையில்தான் இருந்தது. காப்புரிமை இல்லாத நாட்டில் வேர் விட்ட கம்பனி, பின்னாளில் உலகெங்கும் காப்புரிமை வாங்கிக் குவித்தது. யார் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படிக்கேற்ற நியாயம்!

19ஆம் நூற்றாண்டின் உலகக் கண்காட்சிகளில் வைக்கப்பட்ட பொருள்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். காப்புரிமைச் சட்டம் இல்லாத நாடுகளிலும் கண்டுபிடிப்புகள் நடந்தன. ஆனால் அவை உணவுப் பதப்படுத்தல், நுண்கருவிகள் போன்ற, இரகசியமாக வைத்துக் காப்பாற்றக்கூடிய துறைகளில் குவிந்திருந்தன. ஆகவே ‘ஆய்வு கூடுமா குறையுமா’ என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். எந்தத் துறைக்கு இடம்பெயரும் என்பதை முதலில் கேளுங்கள்.

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது எந்தச் சட்டம்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன் 1979ஆம் ஆண்டின் சட்டக்கோவை இருந்தது. அதன்படி 15 ஆண்டுகளாக இருந்த காப்புரிமைக் காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளாக நீண்டது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை அதைக் கட்டாயமாக்கியிருந்தது. விண்ணப்பங்களைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் ஏற்கிறது. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் உரிமை இடையிலேயே கழன்றுவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

புதிய தேயிலை ரகத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா?

இலங்கையில் கிடைக்காது. தாவரங்களும் விலங்குகளும், அவற்றை உண்டாக்கும் இயற்கையான உயிரியல் முறைகளும் நம் சட்டத்தில் காப்புரிமைக்கு வெளியே இருக்கின்றன.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஆர்.ஐ.) 1925இல் தொடங்கப்பட்டது. ‘டி.ஆர்.ஐ. 2025’ என்று எண் சொன்னாலே நாற்றுமேடையில் வேலை செய்யும் பெண்களுக்குச் செடியின் முகம் தெரியும். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள தண்டுத் துண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றினால் தாய்ச்செடியின் அச்சு அசலான பிள்ளை கிடைத்துவிடும். இவ்வளவு சுலபமாகப் பெருக்கக்கூடிய ஒன்றில், சட்டப் பாதுகாப்பும் இல்லாதபோது, இலாபம் தேடும் கம்பனி பணம் போடத் தயங்கும். ஒரு ரகத்தைத் தெரிந்தெடுத்து வயலில் சோதித்து வெளியிடப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் இந்த வேலை பொது நிறுவனத்தின் தோளில் விழுந்தது. அது நமக்கு நன்மையாகவே முடிந்தது என்பேன். சிற்றுடைமையாளர் ஒருவர் தன் கால் ஏக்கரில் அந்த ரகத்தை நட எவருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை.

பிற நாடுகள் வேறு வழியில் போகின்றன. கென்யா புதிய தாவர ரகங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் 1999இல் சேர்ந்தது. ஊதா இலைத் தேயிலை ரகத்தை அந்நாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 2011இல் வெளியிட்டது. ஜப்பான் 2020இல் தன் விதை, நாற்றுச் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஏப்ரல் முதல் அங்கு பதிவான ரகத்தை விவசாயி தன் நிலத்தில் மறுபடி பெருக்கவும் அனுமதி பெற வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு வரும்போது, ‘ஆய்வுக்கு ஊக்கம்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், நாற்றுமேடைக்கு என்ன நேரும் என்றும் கேட்க வேண்டும்.

தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் டிரையரில் ஒரு மாற்றம் செய்தார். அது நன்றாக வேலை செய்கிறது. உரிமை யாருக்கு?

வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். டிரையரின் தட்டில் நொதித்த இலை நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் விழுகிறது. ஓரத்து இலை கருக, நடுவிலுள்ளது ஈரத்தோடு வெளியே வருகிறது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கத்துகிறார். பிட்டர் பழைய தகரத்தை வெட்டி, சாய்வாக வளைத்து, விழும் வாயில் இரண்டு இறக்கைபோல் பொருத்துகிறார். இலை சமமாகப் பரவுகிறது. இதில் புதுமையும், துறை தெரிந்தவருக்கு உடனே தோன்றிவிடாத ஒரு படியும், தொழிலில் பயன்படும் தன்மையும் இருந்தால் காப்புரிமைக்குத் தகுதி உண்டு. தகரம் பழையது என்பதெல்லாம் கணக்கில்லை.

கண்டுபிடிப்பது பிட்டரின் வேலை ஒப்பந்தத்தில் இல்லை. ஆனாலும் முதலாளியின் தொழில் துறையில், அந்த வேலையால் கிடைத்த தகவலையும் கருவியையும் வைத்துச் செய்ததால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை உரிமை கம்பனிக்கே போகும். ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. ஊழியருக்கு நியாயமான ஊதியம் உண்டு. இரு தரப்பும் உடன்படாவிட்டால், அவருடைய சம்பளம், கண்டுபிடிப்பின் பொருளாதார மதிப்பு, கம்பனி அடைந்த பயன் ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் தொகையைத் தீர்மானிக்கலாம். இந்த உரிமையை வேலை ஒப்பந்தத்தால் குறைக்கவும் முடியாது. நம் தோட்டங்களில் இதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? பிட்டருக்குத் தெரியாது, பெரும்பாலான துரைமாருக்கும் தெரியாது. விளைவு, ஒருவரும் விண்ணப்பிப்பதில்லை. அந்தத் தகரம் அடுத்த டிவிஷனுக்குக்கூடப் போவதில்லை.

இந்த ஒரு விதி மாறினாலே பெருங்கம்பனிகள் எப்படி ஆடிப்போகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. நீல ஒளி டயோடைக் கண்டுபிடித்த ஷூஜி நாகமுராவுக்கு அவருடைய கம்பனி முதலில் கொடுத்தது 20,000 யென். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மறு ஆண்டு ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. ஆய்வுக்கூடங்களின் செலவுக் கணக்கே கைமீறிப் போகும் என்று கம்பனிகள் கூக்குரலிட்டன. 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியரின் கண்டுபிடிப்பு தொடக்கத்திலிருந்தே கம்பனிக்குச் சொந்தம் என்று முன்கூட்டியே விதி வகுத்துக்கொள்ள வழி பிறந்தது. அதற்கு ஓராண்டு முன்னர்தான் நாகமுராவுக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது.

என் கருவியை ஏற்கெனவே கண்காட்சியில் காட்டிவிட்டேன். இனி விண்ணப்பிக்கலாமா?

நீங்களே வெளியிட்டிருந்தால் இலங்கையில் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவிலும் ஓராண்டுச் சலுகை உண்டு. ஐரோப்பாவில், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, காட்டிய மறுகணமே வாய்ப்புப் போய்விட்டது. பாடசாலைக் கண்காட்சி, பேஸ்புக் காணொளி, பத்திரிகைச் செய்தி எல்லாம் வெளியீடுதான்.

அமெரிக்கா முன்பு ‘முதலில் கண்டுபிடித்தவர் யார்’ என்று பார்த்தது. 2011இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2013 மார்ச் 16 முதல் ‘முதலில் விண்ணப்பித்தவர் யார்’ என்று பார்க்கிறது. குறிப்பேட்டில் திகதியிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்த ஆய்வுக்கூடப் பழக்கத்தின் மதிப்பு அன்றோடு குறைந்தது. கம்பனிகள் அரைகுறையாக இருக்கும்போதே தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, பிறகு மெருகேற்றத் தொடங்கின. ஓடிப்போய்ச் சட்டத்தரணியைப் பிடிக்க வசதியுள்ளவருக்கு இது சாதகம். கொழும்புக்கு பஸ் பிடித்து வர வேண்டியவருக்கு அல்ல.

இங்கே பெற்ற காப்புரிமை லண்டனிலோ ஹம்பர்க்கிலோ செல்லுமா?

செல்லாது. காப்புரிமை நாட்டெல்லையோடு நின்றுவிடும். ஆனால் பாரிஸ் சமவாயத்தின் கீழ், முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் திகதியே கணக்கில் எடுக்கப்படும். இலங்கை 1982 முதல் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் இருப்பதால், ஒரே சர்வதேச விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய பொதுவாக 30 மாத அவகாசம் பெறலாம். சந்தையை நாடிபிடித்துப் பார்க்க அந்த அவகாசம் உதவும். ஐரோப்பாவில் 2023 ஜூன் 1 முதல் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம் இயங்குகிறது. ஒரே வழக்கில் பல நாடுகளிலும் தடை வாங்கலாம், ஒரே வழக்கில் உரிமையை எல்லா இடத்திலும் இழக்கவும் செய்யலாம்.

ஏற்றுமதியாளர் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. தேயிலை பதப்படுத்தும் ஒரு முறைக்கு ஜேர்மனியில் மட்டும் காப்புரிமை இருக்கிறது, இலங்கையில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலையில் அந்த முறையைப் பயன்படுத்துவது குற்றமில்லை. ஆனால் அதனால் நேரடியாகக் கிடைத்த தேயிலை ஹம்பர்க் துறைமுகத்தில் இறங்கினால் உரிமையாளர் தடுக்கலாம்.

காப்புரிமை காலாவதியானால் கம்பனி என்ன செய்யும்?

பெரும்பாலும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அடுத்த வேலியைக் கட்டத் தொடங்கிவிடும்.

பானத் தொழிலிலேயே பாருங்கள். நெஸ்பிரெசோ கோப்பிக் குப்பிகளின் முக்கியக் காப்புரிமைகள் 2012இலிருந்து முடிவுக்கு வந்தன. போட்டியாளர்களின் குப்பிகள் கடைகளை நிறைத்தன. 2014இல் அதே கம்பனி குப்பியின் விளிம்பில் பட்டைக்குறியீடு அச்சிட்ட புதிய இயந்திர வரிசையை இறக்கியது. அமெரிக்காவில் கியூரிக் கம்பனிக்கும் 2012இல் இதே நிலை. அதுவும் 2014இல், தன் அனுமதி பெற்ற குப்பிகளை மட்டும் அடையாளம் கண்டு இயங்கும் இயந்திரத்தை விற்றது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். மறு ஆண்டே கம்பனி பின்வாங்கி, பழைய மறுநிரப்புக் குப்பியைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. கோப்பியின் சுவைக்கு அந்த ஆய்வுப் பணத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த இன்னோர் உதாரணம் கிளைபோசேட். மொன்சாண்டோ 1974இல் விற்பனைக்கு விட்ட களைநாசினி. அமெரிக்கக் காப்புரிமை 2000இல் முடிந்தது. அதற்குள் அமெரிக்கச் சட்டமே மாறியிருந்தது. மரபணு மாற்றிய உயிரிக்கும் காப்புரிமை உண்டு என்று 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கம்பனி ஆய்வுப் பணத்தை விதைப் பக்கம் திருப்பி, அந்தக் களைநாசினியைத் தாங்கும் சோயாவை 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மருந்தின் உரிமை முடியும்போது விதையின் உரிமை கையில் இருந்தது. இலங்கையில் கிளைபோசேட் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. அந்த விவாதம் காப்புரிமையைப் பற்றியதல்ல. ஆனால் வேறு வழிகளில் ஏன் போதிய ஆய்வு நடக்கவில்லை என்ற கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. கைக்களையெடுப்பையோ மூடுபயிரையோ மேம்படுத்தும் ஆய்வில் எவரும் ஏகபோக உரிமை பெற முடியாது.

சில கம்பனிகள் ஏன் காப்புரிமையே எடுப்பதில்லை?

காப்புரிமை பெறுவதென்றால் செய்முறையை உலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தேயிலைக் கலவை விகிதமோ நொதிக்கும் நேரமோ பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவை. அவற்றை இரகசியமாக வைப்பதே லாபம். நம் சட்டம் வெளியிடப்படாத தகவலுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

மூலிகை, பாட்டி வைத்தியம் பற்றிய அறிவை வெளிநாட்டுக் கம்பனி எடுத்துக்கொண்டால்?

மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை இந்தியா எதிர்த்து 1997இல் ரத்துச் செய்வித்தது. வேப்பெண்ணெய் சார்ந்த பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் கொடுத்தது 2005இல் வீழ்ந்தது. இரண்டிலும் ‘இது புதிதல்ல’ என்று ஆவணத்தால் காட்ட முடிந்ததுதான் பலம். 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், மரபணு வளத்தையும் அதோடு சேர்ந்த பாரம்பரிய அறிவையும் அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்கு விண்ணப்பிப்பவர் அவை எங்கிருந்து வந்தன என்று வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வந்தால் மருந்து, அழகுசாதனக் கம்பனிகள் தாவர மாதிரிகளைச் சேகரிக்கும் முதல் நாளிலிருந்தே பதிவேடு வைக்க வேண்டியிருக்கும். லயத்துப் பாட்டிமாரின் கைவைத்தியம் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கிறது. எழுதப்படாததைக் காட்டி ஒரு காப்புரிமையைத் தகர்ப்பது கடினம்.

மென்பொருள், செயற்கை நுண்ணறிவு?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல், வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் காப்புரிமை கிடைக்காது என்றது. அதன்பின் கம்பனிகள் மென்பொருளைத் தனியே கோராமல், கமரா, காற்றுக்குழாய், பிரிக்கும் வாய் ஆகியவற்றோடு பிணைத்து எழுதுகின்றன. தேயிலை நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்கு அது பொருந்தும். செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிட முடியாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

ஆய்வுக்குப் பணமில்லாத சிறு தொழிலுக்கு இதிலெல்லாம் என்ன பயன்?

காலாவதியான காப்புரிமைகளை வாசியுங்கள். எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். வாட்டும் தொட்டி, ரோலர், உலர்த்தி, பொதியிடல் பற்றி வரைபடத்தோடு ஏராளமாகக் கிடைக்கும். காலம் முடிந்தவை எல்லாருக்கும் பொது. இன்னும் உயிரோடிருக்கும் காப்புரிமையும் இலங்கையில் பெறப்படாவிட்டால் இங்கே பயன்படுத்தத் தடையில்லை. ஏற்றுமதி செய்யும் நாட்டில் நிலைமை என்ன என்று மட்டும் முதலில் பாருங்கள். அறிவியல் ஆய்வுக்காக மட்டும் செய்யும் செயலை உரிமையாளர் தடுக்க முடியாது என்று நம் சட்டமும் சொல்கிறது.

வாசிக்கும்போது முன்பக்கச் சுருக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உரிமை எதுவரை செல்லும் என்பதைக் கோரிக்கைகள் என்ற பகுதிதான் சொல்லும். எண்ணிட்ட வாக்கியங்களாக இருக்கும். முதலாவதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். அதில் சொன்ன உறுப்புகளில் ஒன்று உங்கள் கருவியில் இல்லையென்றால், பெரும்பாலும் நீங்கள் வேலிக்கு வெளியேதான் நிற்கிறீர்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனால், அவருடைய நேரமும் உங்கள் ரூபாவும் மிச்சம்.